கண்ணாடியில் ஆடாத தண்ணீர்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களுமாகிய உங்களைக் கேட்டால், அவர் அதிகம் பேசாதவர், யாரையும் கடிந்துகொள்ளாதவர், எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவர் என்று சொல்வீர்கள். மூன்றும் உண்மை. மூன்றாவதன் காரணம் பலருக்குத் தெரியாது. அதை எழுதிவைப்பது தம்பியாகிய என் கடமை.

அண்ணன் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். அப்பா ரயில்வே பட்டறையில் சம்மட்டி அடித்தவர். அப்பா காலமானபோது நான் சிறுவன். குடும்பப் பாரம் அண்ணன் மீது விழுந்தது. பட்டறையில் இடம் கிடைக்கவில்லை. ஏடனில் எஞ்சின் வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, பம்பாய் போய்க் கப்பல் ஏறினார்.

ஏடன் அப்போது வெள்ளையர் ஆண்ட பாலைவனத் துறைமுகம். முதல் உலகப் போரில் படைக்காகத் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு ஒரு ரயில் பாதை போட்டிருந்தார்கள். அதில் ஓடியவை இந்தியாவில் உழைத்து ஓய்ந்த பழைய எஞ்சின்கள் என்று அண்ணன் சொல்வார். போர் முடிந்த பிறகு அந்த ரயிலில் ஆட்களும் காய்கறியும் கால்நடைத் தீவனமும் போயின. வருமானம் போதாமல் பிறகு அதை மூடிவிட்டார்கள். அண்ணன் வேலை பார்த்தது அந்தப் பாதையில் அல்ல. ஓர் உப்பளக் கம்பெனியின் குறுகிய தண்டவாளத்தில், ஆள் உயரமே இருந்த சிறிய நீராவி எஞ்சினில் அவர் அடுப்பெரிக்கும் பயர்மேன். மணல் அச்சுக்குள் புகாமலிருக்கத் துணி சுற்றி ஓட்டுவார்களாம். வெயிலில் தண்டவாளம் நெளிந்துவிடுமாம்.

அங்கே எல்லாவற்றையும்விடப் பெரிய பஞ்சம் தண்ணீருக்கு. நல்ல தண்ணீர் மனிதர்களுக்கே போதாததால் எஞ்சினுக்கு உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் காட்ட வெளியே ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதன் மேல்முனையும் கீழ்முனையும் பாய்லரோடு சேர்ந்திருக்கும். கீழ்வழி அடைத்துக்கொண்டால் உள்ளே தண்ணீர் வற்றினாலும் கண்ணாடியில் பழைய தண்ணீர் அப்படியே நிற்கும். அதனால் அடிக்கடி ஒரு திருகைத் திறந்து கண்ணாடித் தண்ணீரை வெளியே பீய்ச்சிவிட்டு, புதிதாக ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏடனில் அப்படிப் பீய்ச்சுவது வீண் செலவு. சொட்டுத் தண்ணீரையும் மண்ணில் விடக் கூடாது என்பது அங்கே எல்லோரும் மதித்த வழக்கம்.

அண்ணனின் டிரைவர் சாலிம் என்ற அரபுக்காரர். அண்ணனுக்குத் தன் ரொட்டியில் பாதி கொடுப்பவர். ஒருநாள் அண்ணன் தண்டவாளத்தில் மூடிக்கிடந்த மணலை அள்ள இறங்கி முன்னால் நடந்தார். கண்ணாடியில் பாதி தண்ணீர் தெரிந்தது. உள்ளே உப்புக் கட்டி கீழ்வழியை அடைத்திருந்தது. அடுப்புக்கு மேலே உள்ள தகடு தண்ணீரில்லாமல் வறண்டு சிவந்த பிறகுதான் சாலிமுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டார். சிவந்த தகட்டில் அது பட்டால் பாய்லர் வெடித்துவிடும். அண்ணன் திரும்பிப் பார்த்தபோது எஞ்சின் இருந்த இடத்தில் வெள்ளையாக ஆவி மட்டும் நின்றது. இதற்கு மேல் அவர் ஒருபோதும் சொன்னதில்லை. பத்திரிகைக்காரனாகிய நானும் இதற்கு மேல் கேட்டதில்லை.

மலாக்காவில் இருந்த சித்தப்பா அழைத்ததால் அண்ணன் இங்கே வந்தார். பிறகு அம்மாவையும் என்னையும் வரவழைத்தார். அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். திருமணமாகி இதே ஊரின் காஜா பெராங் பகுதியில் குடியேறினார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் மலாக்கா ரயில் பாதையின் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனபோது ஊரே வருந்தியது. அண்ணன் மட்டும் அன்றுமுதல் நிம்மதியாகத் தூங்கினார் என்று அண்ணி சொல்வார்.

போருக்குப் பிறகு ஆலை மூடியது. மூன்று பிள்ளைகள். பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு கல் குவாரியின் முதலாளியான தவுக்கே, மூடிய ஈயச் சுரங்கம் ஒன்றிலிருந்து ஒரு குட்டி எஞ்சினை வாங்கி வந்து ஓட்ட ஆள் தேடினார். அண்ணன் மூன்று நாள் சாப்பிடாமல் யோசித்துவிட்டுப் போனார். அந்த வேலையில் இருந்த காலம் முழுவதும், வண்டியை எடுக்குமுன்னும் ஒவ்வொரு நடைக்குப் பின்னும் கண்ணாடியைப் பீய்ச்சிப் பார்ப்பார். கூட வேலை செய்த மாரிமுத்து கேலி செய்வார்: "என்னாண்ணே, பாய்லருக்குப் பல்லு வெளக்கி விடுறீங்களா?"

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வாரத்தில் தவுக்கே தொழிலாளர் குடும்பங்களுக்கு விருந்து வைத்தார். கல் ஏற்றும் வண்டிகளைக் கழுவி, தோரணம் கட்டி, எல்லோரையும் ஏற்றிக் குவாரியைச் சுற்றி வருவது என்று ஏற்பாடு. அண்ணியும் பிள்ளைகளும் முதல் வண்டியில். நானும் அதே வண்டியில் இருந்தேன்.

எஞ்சினுக்குப் பூஜை போட்டது மாரிமுத்து. சந்தனம், குங்குமம், மாலை. கண்ணாடிக் குழாயின் திருகுகளிலும் பூச்சரம் சுற்றி, சின்னச் சின்னக் காகிதக் கொடிகளைச் செருகியிருந்தார். அண்ணன் வழக்கம்போல் சோதிக்கக் கையை நீட்டினார்.

"அண்ணே, அண்ணே! சூடம் காட்டின பூவைப் பிச்சி எறியாதீங்க. ஒரு சுத்து போயிட்டு வந்து கழட்டுங்க."

"பாத்துட்டு மறுபடி கட்டிர்றேன்டா."

"நல்ல நாளும் அதுவுமா அபசகுனம் புடிச்ச மாதிரி!" என்று வண்டியிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. தவுக்கே கையை ஆட்டினார்: "தாப்பா, தாப்பா. ஜாலான் லா!" பரவாயில்லை, கிளம்பு என்றார். அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணியும் தலையசைத்தார். வண்டி கிளம்பியது.

மேட்டில் ஏறத் தொடங்கியபோது அண்ணனின் முதுகு விறைத்ததை நான் கண்டேன். எஞ்சின் முன்பக்கம் தூக்கினால் தண்ணீர் பின்னுக்கு வரும். கண்ணாடியில் மட்டம் உயர வேண்டும். உயரவில்லை. குலுக்கலில் ஆட வேண்டும். ஆடவில்லை. அவர் பூவைப் பிய்த்தார். கீழ்த் திருகின் பிடி குறுக்கே திரும்பியிருந்தது. கொடி நேராக நிற்பதற்காக மாரிமுத்து திருப்பி வைத்திருந்தார். அதாவது கீழ்வழி மூடியிருந்தது. அண்ணன் திருகைத் திறக்க முயன்றதும் கண்ணாடி படீரென்று உடைந்து ஆவி சீறியது. பெண்கள் அலறினார்கள். ஆவியை நிறுத்த மேல்வழியையும் கீழ்வழியையும் அவர் அடைத்துவிட்டார். இனி உள்ளே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று அறிய வழியில்லை. தகடு வறண்டிருந்தால் தண்ணீர் விடுவது ஆபத்து. விடாமல் ஓட்டுவதும் ஆபத்து.

பிரேக்கை இறுக்கிவிட்டுத் திரும்பினார்.

"மாரி, சக்கரத்துக்குக் கல்லு வை. எல்லாரும் எறங்குங்க. புள்ளைங்களத் தூக்கிக்குங்க. அந்தப் பாறைக்கு அந்தாண்ட போங்க."

"என்னாண்ணே, வெளையாடுறீங்களா?" என்றார் மாரிமுத்து.

"எறங்குங்கடா!"

கைக்குழந்தையோடு அண்ணி அசையாமல் நின்றார். "நீங்க வாங்க."

"போடி!" என்றார் அண்ணன். அண்ணியை அவர் அப்படி அழைத்து நாங்கள் அதுவரை கேட்டதில்லை. அண்ணி ஓடினார்.

பாறைக்குப் பின்னால் கிடந்தபடி நான் எட்டிப் பார்த்தேன். அண்ணன் தனியாக நின்று, நெருப்பை அணைக்க மண்ணை அள்ளி அள்ளி அடுப்புக்குள் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. யாரோ முருகா முருகா என்று முணுமுணுத்தார்கள். ஆவியின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அதன்பிறகு அண்ணன் எங்களை நோக்கி நடந்து வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் பட்டணத்திலிருந்து எஞ்சின் பழுது பார்க்கும் பிட்டர் ஒருவர் வந்து ஆறிய பாய்லரைத் திறந்து பார்த்தார். அடுப்புத் தகட்டுக்கு மேல் நாலு விரல் தண்ணீர் இருந்தது. இதையும் நான் எழுதத்தான் வேண்டும். கண்ணாடி காட்டியது பொய். ஆனால் அன்று தண்ணீர் இருந்தது.

ஊர் சிரித்தது. "நாலு விரல் தண்ணியில ஒரு ஊரையே கரை ஏத்திட்டாரு நம்ம அண்ணன்" என்று மாரிமுத்து போகிற இடமெல்லாம் சொன்னார். பாசார் சந்தையில் மீன்காரர்கூட, "தண்ணி ஆடுதா மாமா?" என்று கேட்டார். அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது. என் முன்னால்தான் கேட்டார்:

"ஊரே சிரிக்குது. ஒங்களுக்கு ஒறைக்கவே இல்லையா?"

அண்ணன் சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சிரிக்கட்டும் புள்ள. சாலிம் போன அன்னிக்கு ஒருத்தரும் சிரிக்கல."

அப்போதுதான் அண்ணி சாலிம் யார் என்று கேட்டார். அண்ணன் அவருக்கு முதன்முறையாகச் சொன்னார். அதற்குப் பிறகு யார் கேலி செய்தாலும் அண்ணி அழுததில்லை.

தவுக்கே எஞ்சினை விற்றுவிட்டு லாரி வாங்கினார். அண்ணன் அதே குவாரியில் காவல் வேலை பார்த்தார். பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கடைசி ஆண்டில் நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் அதிக நாள் இருக்கவில்லை. விடியும் வேளையில், அண்ணியின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போனார்.

அண்ணனைக் கவனித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், இரவுகளில் துணை இருந்த காஜா பெராங் அண்டை வீட்டாருக்கும், உஜோங் பாசிரிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த சம்பந்தி வீட்டாருக்கும், மழையில் பாடை சுமந்த மாரிமுத்துவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொரு நன்றியும் உண்டு. அன்று அந்த மேட்டில் இறங்கி நடந்து, பிறகு பல ஆண்டுகள் அண்ணனைப் பார்த்துச் சிரித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மனம் வருந்த வேண்டாம். கல்யாண வீடுகளில் நீங்கள் அந்தக் கதையைத் தொடங்கும்போதெல்லாம் நான் அண்ணனின் முகத்தைக் கவனித்திருக்கிறேன். சிரிக்கிறவர்களை ஒருவர் விடாமல் மெதுவாகப் பார்த்து முடிப்பார். எல்லோரும் உயிரோடு இருப்பார்கள். அதன்பிறகு அவரும் சேர்ந்து சிரிப்பார்.