வாசலுக்குள் தெரிந்த ஏரி

வெள்ளைக்காரர்கள் ஆண்ட அந்தக் காலத்தில், எங்கள் சேக்காட்டில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்கள். பாசிமணியில் கோத்த கிளி, கம்பளி நூலில் தைத்த அன்னம் என்று பெண்ணின் கைவேலையைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள். கிளிக்கு மூக்கு ஒழுங்காக இருந்தால் பெண் பொறுமைசாலி என்று அர்த்தம்.

என் அத்தைக்குக் கிளி வராது. அவளுக்குப் பாடம் சொன்ன வெள்ளைக்கார வாத்தியாரம்மா, சீமைக்குத் திரும்பும்போது ஓர் எண்ணெய் வர்ணப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதை வைத்து அத்தை எங்கள் ஏரியைக் கித்தான் துணியில் தீட்டினாள். அரை விரல் கனத்துக்குப் பச்சை, அதன்மேல் மஞ்சள், இடையிடையே வெள்ளைத் தீற்றல். எங்கள் கூடமோ நாலு பேர் படுத்தால் நிறைந்துவிடும். அங்கே நின்று பார்த்தால் ஏரியும் தெரியாது, கரையும் தெரியாது.

பூந்தமல்லியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அத்தை அந்தப் படத்தையே மாட்டிவிட்டாள். அவளுடைய அண்ணனான என் அப்பா பல்லைக் கடித்தார்.

"இன்னாம்மா இது, சாணி அப்பின மாதிரி கீது. வர்றவங்க சிரிச்சாங்கன்னா அந்த வர்ணப் பொட்டி கெணத்துக்குள்ளதான்."

"சிரிக்கட்டும்ண்ணா. நான் கழட்ட மாட்டேன்."

வில்வண்டியில் மாப்பிள்ளையும் பெற்றோரும் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா பாயில் உட்கார்ந்தாள். படம் அவள் மூக்குக்கு நேரே இருந்தது.

"எங்க ஊட்டுக் கன்னுக்குட்டி சேத்துல பொரண்டுட்டு செவுத்துல ஒரசும். அப்பவும் இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் பார்வை கிணற்றுப் பக்கம் போயிற்று. அத்தை படத்துக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றாள்.

வண்டி மாடுகளுக்கு வைக்கோல் போட என்னை அனுப்பினார்கள். தெருவின் எதிர்ப்பக்கத்துப் பூவரச மரத்தடியில் போட்டுவிட்டுத் திரும்பினேன். எங்கள் வீட்டு வாசலுக்குள் ஏரி இருந்தது. வெயில் பட்டுத் தண்ணீர் மினுங்கியது.

ஓடிப்போய் மாப்பிள்ளையின் அப்பா கையைப் பிடித்து இழுத்தேன். மூச்சிரைப்பில் எனக்குப் பேச்சு வரவில்லை. மாட்டுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று மனிதர் துண்டைக்கூட எடுக்காமல் ஓடி வந்தார். மாடு நிம்மதியாக மென்றுகொண்டிருந்தது. நான் வீட்டைக் காட்டினேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர், மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"ஏ இவளே, இங்க வா. ஏரி நெரம்பிக் கலங்கல்ல தண்ணி வழியுது பாரு."

அந்த அம்மாள் சலித்துக்கொண்டே வந்து, கண்ணுக்கு மேலே கையை வைத்தாள்.

"ஆமாய்யா. கரையோரம் நாத்து கூட நட்டுகினு கீறாங்க."

பிறகு ஒருவர் பாக்கியில்லாமல் தெருவுக்கு வந்துவிட்டார்கள். "பொண்ணு பாக்க வந்தவங்கள ஏம்பா தெருவுல நிக்க வச்சிட்ட?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். அப்போதுதான் அப்பாவும் திரும்பிப் பார்த்தார். "நம்ம ஏரிதான்" என்றார், தாமே வெட்டியதைப் போல.

"பொண்ணோட அந்த வர்ணப் பொட்டியும் எங்க ஊட்டுக்கு வந்துடணும்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"அண்ணா, கெணத்துல தண்ணி எவ்ளோ கீது?"

கல்யாணத்தன்று அப்பா அந்தப் பெட்டியைத் தம் தோளிலேயே சுமந்துபோய் வண்டியில் ஏற்றினார்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு எல்லோரும் உள்ளே வந்த பிறகும் மாப்பிள்ளை மட்டும் மரத்தடியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காபிக்குக் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. அத்தை இன்னும் படத்துக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"எல்லாரையும் விட மாப்பிள்ளைக்குத்தாம்மா படம் ரொம்பப் புடிச்சிருக்கு" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.