ஏழாம் நம்பர் வண்டியில் இன்னொருத்தி

கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்து மலை, ஏரி என்று நாலு நாள் சுற்றிவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். "எடுத்த மாதிரியே திருப்பிக் கொடுத்திருக்கோம், ஒரு கீறல் கிடையாது." அப்படிச் சொல்கிறவர்களின் வண்டியை ஸ்கேனக்கா முதலில் எடுத்துக்கொள்வாள். ஒன்றும் பேசாமல் சாவியை நீட்டுகிறவர்களின் வண்டியை அடுத்ததாக எடுத்துக்கொள்வாள். ஆகமொத்தம் யாரும் தப்ப முடியாது.

ஸ்கேனக்கா என்பது அந்த வாடகைக் கம்பெனியின் வண்டிகள் வந்து நிற்கும் யார்டில் அவளுக்கு வைத்த பெயர். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வண்டி கழுவத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த மூன்றாம் நாள், மூன்று பேர் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்ட ஒரு வண்டிக்குள் போய், மெத்தையைத் தூக்கி, அடிப் பலகையைத் தட்டிப் பார்த்து, "இது புதுப் பலகை, பழசைக் கொளுத்திட்டு மாத்தி வச்சிருக்காங்க" என்றாள். வாடகைக்கு எடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்டால், ஆமாம், அடுப்பு கவிழ்ந்துவிட்டது என்கிறார். மறுநாளே வாளியை வாங்கிக்கொண்டு சோதனை அட்டையைக் கையில் கொடுத்துவிட்டார் மேனேஜர். அன்றிலிருந்து ஊரிலுள்ள மூன்று கிளைகளில் எங்கே வண்டியைத் திருப்பிக் கொடுத்தாலும் அது கடைசியில் இவள் கண்ணில் பட்டுத்தான் ஆக வேண்டும்.

சந்தேகம் அவளுக்குத் தொழிலால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கூடவே பிறந்தது. பெண் பார்க்க வந்த லிஃப்ட் மெக்கானிக்கிடம் வேலை அட்டையைக் கேட்டு வாங்கி, பின்பக்கம் திருப்பி, அதிலிருந்த எண்ணுக்கு அங்கேயே போன் போட்டு, "இந்தப் பேர்ல ஆள் இருக்காரா, எத்தனை வருஷமா இருக்காரு?" என்று விசாரித்தவள் அவள். மாப்பிள்ளை அதுவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மனிதர் அன்றைக்கே எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை, இருபத்திரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறார். பொறுமை என்றால் சாதாரணப் பொறுமையா அது.

அந்த மனிதர் ஆண்டுக்கு ஒரு தடவையாவது கேட்பார். "நாமளும் ஒரு வண்டி எடுத்துக்கிட்டு அந்த மலைப்பாதைல போயிட்டு வருவோமா? உனக்குத்தான் சலுகை உண்டே."

"அந்தக் கட்டில்ல எவன் எவன் படுத்து என்னென்ன பண்ணியிருக்கான்னு எனக்கில்ல தெரியும். எனக்கு வேணாம்ப்பா" என்பாள். போன வருஷம் அவர் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதையும் அவள் குறித்துவைத்திருந்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை ஏழாம் நம்பர் வண்டி யார்டுக்கு வந்தது. ஏரிக்கரைக் கிளையில் எடுத்தது. புதன் முதல் சனி வரை நாலு நாள், இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். வண்டியோடு வரும் சோதனை ஷீட்டில் இவ்வளவுதான் இருக்கும், எடுத்தவர் பெயர் இருக்காது. பழைய வண்டி அது. கட்டிலுக்கு மேலே இருக்கும் அலமாரிக் கதவு ஆறு மாதமாகக் கீல் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. சமையல் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். இரண்டையும் மேனேஜரிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அன்றைக்குக் கதவைத் திறந்தாள். தொங்கவில்லை. மூடினாள். வாயைப் பொத்தின மாதிரி சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. குழாய் அடியில் கையை வைத்தாள். ஒரு சொட்டு இல்லை.

உடைத்துக்கொண்டு வந்த வண்டியைப் பார்த்திருக்கிறாள், உடைத்ததை ஒட்டி மறைத்துக்கொண்டு வந்த வண்டியையும் பார்த்திருக்கிறாள். கெட்டுக் கிடந்ததைச் சரிபண்ணிக்கொண்டு வந்த வண்டியை இந்தப் பத்தொன்பது வருஷத்தில் பார்த்ததில்லை. வாடகை வண்டியில் எவன் ஸ்க்ரூ முடுக்குவான்? அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. டார்ச்சை அடித்துக் கீலைப் பார்த்தாள். நாலு ஸ்க்ரூ. நாலின் தலையிலும் இருந்த வெட்டு ஒன்றுபோல மேலும் கீழுமாக, கோணாமல் நேராக நின்றது.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வீட்டில் ஒவ்வொரு சுவிட்சுப் பலகையிலும், ஒவ்வொரு தாழ்ப்பாளிலும் ஸ்க்ரூ இப்படித்தான் நிற்கும். "முடுக்கறது பெரிசில்ல, முடுக்கி முடிச்சதும் எல்லாம் நேரா நிக்கணும். அப்பதான் ஒண்ணு தளர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும்" என்பார் அவர். புதன் முதல் சனி வரை புது மாடல் லிஃப்டுக்குப் பயிற்சி என்று வெளியூர் போயிருந்தாரே, அதே அவர். சாயங்காலம் போன் பண்ணினபோது பின்னால் பறவைச் சத்தம் கேட்டதற்கு, "பயிற்சி நடக்கிற இடத்துல தோட்டம் இருக்கு" என்றாரே, அதே மகராசன்.

இருபத்திரண்டு வருஷத்தை ஒருத்தி நாலு நாளில் தூக்கிக்கொண்டு போய்விட்டாளா? அதுதான் இப்போது தெரிய வேண்டும். அவள் யார், எப்படிப்பட்டவள் என்பதெல்லாம் பிறகு. முதலில் தடயம். கிளைக்குப் போன் போட்டுப் பெயர் கேட்டாள். "வாடிக்கையாளர் விவரத்தை யாருக்கும் தரக் கூடாதுன்னு நீங்கதானேக்கா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க" என்றது போனை எடுத்த பெண். நல்லதுக்குக் காலமில்லை.

வழக்கமாக ஒரு வண்டிக்கு நாற்பது நிமிஷம். அன்றைக்கு இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். குளியலறை வடிகாலைக் கழற்றி, கம்பி விட்டுத் துழாவினாள். குட்டையான நரைமுடி நாலைந்து, வேறொன்றும் இல்லை. தலையணை இரண்டில் ஒன்று சலவைக் கடைப் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் கிடந்தது. நாலு கப்பில் ஒன்றில்தான் டீக்கறை. மடக்கு நாற்காலி இரண்டு. ஒன்றின் காலில் ஈர மண், இன்னொன்றின் மடிப்பில் போன மாதத்துத் தூசி. தண்ணீர்த் தொட்டியில் ஒரே ஆள் குளித்து, ஒரே ஆள் குடித்த அளவுதான் குறைந்திருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் இதைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பாள். இவளுக்கு எப்படித் தோன்றியது தெரியுமா? 'தன் முடி ஒண்ணுகூட விடாம துடைச்சுட்டுப் போயிருக்கா. எவ்வளவு கெட்டிக்காரி!'

வண்டி கழுவுகிறவள் வாளியோடு வாசலில் வந்து நின்றாள். "என்னக்கா, உள்ள பொணம் கிணம் கெடக்குதா? இவ்வளவு நேரம் தேடறீங்க."

"கெடைச்சா சொல்றேன், போ."

"ஷீட்டுல என்னன்னு எழுதப் போறீங்க?"

ஸ்கேனக்கா பேனாவைத் திறந்து மறுபடி மூடினாள். பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை அவள். வண்டியில் ஒரே ஆள்தான் இருந்தார் என்று கண் சொன்னது, இருக்கவே முடியாது என்று மனசு சொன்னது. கண்ணைச் சந்தேகப்பட வேண்டிய நாள் அவளுக்கும் வந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். பிறகு எப்போதும் செய்வதைச் செய்தார்: பையின் ஜிப்பைத் திறந்து மேஜைமேல் வைத்தார், சட்டைப்பையில் இருந்ததையெல்லாம் எடுத்துப் பக்கத்தில் பரப்பினார், போனை அதன்மேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். கேட்டால் ஒழிய யாரும் செய்யாத காரியம் அது. அவள் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. அவராகவே செய்கிறார் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. ஆனாலும் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"பயிற்சில என்ன சொல்லிக் கொடுத்தாங்க?"

"புது மாடல் கதவு."

"கீலெல்லாம் மாட்டச் சொன்னாங்களா? நாலு ஸ்க்ரூ, நேரா?"

அவர் கை தட்டிலேயே நின்றது. "அந்த வண்டி உங்க யார்டுக்கா வருது?"

"எல்லா வண்டியும் எங்க யார்டுக்குத்தான் வரும். அவ யாருன்னு சொல்லிடுங்க. நான் சத்தம் போட மாட்டேன்."

"எவளும் இல்ல. தனியாத்தான் போனேன்."

"தனியா எவனாவது ரெண்டு பேர் வண்டி எடுப்பானா? காதுல பூ சுத்தாதீங்க."

"நீ பாத்திருப்பியே. அங்குலம் அங்குலமா பாத்திருப்ப. இன்னொரு ஆள் இருந்த மாதிரி இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். தொழிலில் ஒரு நாளும் பொய் சொல்லாதவள். "இல்ல" என்றாள், தனக்கே கேட்காத குரலில். "அப்ப எதுக்குப் போனீங்க?"

அவர் கோபமில்லாமல் சொன்னார். அதுதான் கொடுமை.

"நாற்காலியைப் போட்டு ஏரியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு நாள் சாப்பிட்டுட்டு நாலு மணி வரைக்கும் தூங்கினேன். ஏன் தூங்கினேன்னு யாரும் கேக்கல. ஒரு நாள் பாதை மாறிப் போயி ரெண்டு மணி நேரம் தாமதமாச்சு. எங்க போனேன்னு யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. அவ்வளவுதான். நல்லா இருந்துச்சு."

"கதவை எதுக்குச் சரி பண்ணீங்க?"

"தொங்கிக்கிட்டு இருந்துச்சு. மனசு கேக்கல."

அவளுக்கு அழுகை வந்தது. ஒருத்தி இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்! முடியைப் பிடித்து இழுத்திருக்கலாம், ஊரைக் கூட்டியிருக்கலாம், அவள்மேல் பழியைப் போட்டுவிட்டு நியாயமாக அழுதிருக்கலாம். காலையிலிருந்து இன்னொருத்தியைத் தேடினாளே, அவர் யாரிடமிருந்து தப்பித்து அந்த ஏரிக்கரைக்குப் போனாரோ அவளைத் தேடவே இல்லை. இப்போது யாரைத் துரத்துவது? முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த தடவை எப்ப போறீங்க?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்தார். அந்தக் கேள்வியை உள்ளும் புறமும் புரட்டிப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. "எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான். சொல்லிட்டே போங்க. போன் பண்ண மாட்டேன்."

"சும்மாவா?"

"சத்தியமா சும்மாதான்."

அவள் கேட்ட கேள்விகளிலேயே உள்ளே எதுவும் ஒளித்துவைக்காத கேள்வி அது ஒன்றுதான். அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார், பாவம், இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

"இல்ல, இனிமே எங்கயும் போகல" என்றார் அவசரமாக. "ஒரு தடவை பாத்தாச்சு, போதும். வீட்டைவிட வேற என்ன சுகம்?"

பொய். சொல்லும்போதே காது மடல் சிவந்தது. சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். மறுபடி போவார். மறுபடி ஒரு பயிற்சி வரும், பின்னால் பறவை கத்தும். 'பொய்தானே?' என்று கேட்க அவளுக்கு நாக்கின் நுனி வரை வந்துவிட்டது.

"சரி" என்றாள். "சாப்பிடுங்க, ஆறுது."