இளையபெருமாளின் மூக்கில் வளர்ந்தது

முதல் ஆபரேஷன் நடந்தபோது இளையபெருமாளுக்கு முப்பத்தெட்டு வயது. திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றிக் குளம் குத்தகை எடுப்பவர்கள் மீன் பிடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று வலையை வளைத்து இழுக்க வேண்டும். வலை எங்காவது மாட்டினால் மூழ்கி எடுக்க வேண்டும். இடது மூக்கினுள் சிவப்பாக ஒரு சதை, அதன் மேல் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். தொட்டால் ரத்தம். தஞ்சாவூரில் அதை வெட்டி, வேரைச் சுட்டுவிட்டார்கள்.

"குளத்துத் தண்ணியிலேருந்துதான் இது வருது. இனிமே எறங்காதீங்க" என்றார் டாக்டர். பதினைந்தாம் நாள் இறங்கினார். வேறு வேலை தெரியாது.

இரண்டு வருடத்தில் சதை திரும்பி வந்தது. வெட்டினார்கள். மறுபடி வந்தது. மூன்றாவது முறை வெட்டிய வேறொரு டாக்டர், பூஞ்சை என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார். வயிறு எரிந்ததுதான் மிச்சம். மனைவி ராமாயி வைக்கும் குழம்பின் வாசனை அதற்குள் அவருக்கு மறந்தே போயிருந்தது.

மகள் செம்மொழி அப்போது கும்பகோணத்தில் விலங்கியல் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தாள். நான்காவது ஆபரேஷனுக்கு முந்தின வாரம், அவர் இறங்கும் குளத்திலிருந்தே ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, அவரையும் கல்லூரிக்குக் கூட்டிப்போனாள்.

"பாருங்கப்பா."

மைக்ராஸ்கோப்பில் கண் பழகச் சற்று நேரமானது. முட்டை போல ஒரு சின்ன உடம்பு. அதிலிருந்து ஒற்றை வால். வாலின் அடியைச் சுற்றி மங்கலாக ஒரு வேலி.

"வாலை ஆட்டுனா தண்ணி அதைச் சுத்தி வேலி மாதிரி இருக்கிற கழுத்துப்பட்டை வழியா ஓடும். பாக்டீரியா அதுல ஒட்டிக்கும். அதைத்தான் திங்கும். பேரு கொயனோஃப்ளாஜெல்லேட்."

"வலை போட்டுத்தான் பொழைக்குது" என்றார்.

"ஆமாம்பா. கடல்ல ஒரு வகை கண்ணாடி மாதிரிக் கூடை பின்னி அதுக்குள்ள இருக்கும். இது கூடை இல்லாத வகை. சிலது ரெண்டாப் பிரிஞ்சும் வெலகாம, கொத்தா மெதக்கும்."

"இதுவா என் மூக்குல இருக்கு?"

"இல்ல. இது யாரையும் ஒண்ணும் பண்ணாது. ஒத்தை செல்லு உசுருலயே ஆடு மாடு மனுசனுக்கெல்லாம் ரொம்பக் கிட்டத்துச் சொந்தம் இதான். உங்க மூக்குல இருக்கிறது ரைனோஸ்போரிடியம். இதுக்குத் தூரத்துப் பங்காளி மாதிரி, வேற கிளை. ரொம்ப காலமா பூஞ்சைன்னுதான் நெனச்சாங்க. மரபணுவைப் பாத்தப்புறம்தான் இல்லைன்னு தெரிஞ்சுது."

"அதான் மாத்திரை கேக்கலையா?"

"அதனாலயும் இருக்கலாம்."

"அப்ப இதுக்குன்னு மருந்து?"

செம்மொழி மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தாள். "லேப்ல இதை வளக்க யாருக்கும் கைகூடலப்பா. வளத்தாத்தான எந்த மருந்துக்குச் சாகும்னு பாக்க முடியும்."

"என் மூக்குல மட்டும் நல்லா வளருது" என்றார் இளையபெருமாள். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தார். அது வெறும் சதையாக இருந்த வரைக்கும் அடுத்த டாக்டர் கையில் ஏதாவது மருந்து இருக்கும் என்று ஒரு நினைப்பு இருந்தது. இன்று அதுவும் போய்விட்டது. பெற்ற பெண் பொய் சொல்ல மாட்டாள்.

நான்காவது ஆபரேஷனுக்குப் பிறகு அவர் நிஜமாகவே குளத்தை விட்டார். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கப் போனார். இரண்டு வருடம் ஓடியது. ஒரு நாள் குனிந்தபோது மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம் சாக்கை நனைத்தது. மறுநாள் முதல் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். பரிசோதித்ததில், சதை தொண்டை வரை இறங்கியிருந்தது. கெண்டைக்காலில் கொஞ்ச நாளாக இருந்த ஒரு கட்டியும் அதேதானாம், கிருமி ரத்தத்தோடு அங்கே போயிருக்கலாம் என்றார் டாக்டர்.

அந்த மாசியிலேயே அவர் மறுபடி குளத்தில் இறங்கினார்.

"எறங்கக் கூடாதுன்னாங்களே" என்றாள் ராமாயி.

"எறங்காமத்தான ரெண்டு வருசம் இருந்தேன். வரலையா?"

செம்மொழி அந்தக் கிருமியையே ஆராயலாம் என்று மூன்று பேராசிரியர்களுக்கு எழுதினாள். வளர்க்க முடியாததை வைத்து என்ன ஆராய்ச்சி என்று ஒருவர் மட்டும் பதில் போட்டார். இப்போது பாபநாசத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சர்க்கரை பார்க்கிறாள். ஞாயிறுதோறும் போன் செய்து, ரத்தம் வருகிறதா என்று கேட்பாள். இல்லையம்மா என்பார். குரல் மூக்கடைத்து வருவதிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

இந்த வருடம் காலில் மூன்று கட்டிகள். ஐந்தாவது ஆபரேஷனுக்குக் கொடுத்த தேதி போன மாதமே தாண்டிவிட்டது. அவர் போகவில்லை. ராமாயியும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.