மந்திரிக்காத உத்தரியம்

2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை, காலை 6.40. நாகர்கோவிலிலிருந்து குளச்சல் செல்லும் நகரப் பேருந்தில் சுதா அக்காவும் நானும் ஏறினோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அக்கா என் விடுதித் தோழியின் தமக்கை. முதியோரை வீடு தேடிச் சென்று கவனிக்கும் செவிலியர். நான் தஞ்சாவூர்க்காரி, இரண்டு நாள் விடுமுறைக்கு வந்தவள்.

மருந்துப் பையை மடியில் அணைத்தபடி அக்கா நடந்ததைச் சொன்னார். குளச்சலில் மரியதாசு என்ற முதிய மீனவருக்குச் சர்க்கரை நோயால் கால்விரலில் புண். நான்கு நாட்களுக்கு முன் அவர் உடம்பைத் துடைக்கையில், கழுத்தில் வியர்வை ஊறிக் கிடந்த பழைய கயிற்றை அக்கா வெட்டி, அழுக்குப் பஞ்சோடு எறிந்துவிட்டார். அது கத்தோலிக்கர் அணியும் உத்தரியம். இரு முனைகளிலும் தவிட்டு நிறத் துணித்துண்டு தைத்த கயிறு. உயிர் பிரியும்போது கழுத்தில் இருக்கவேண்டியது என்பது அவர்கள் நம்பிக்கை. அன்று முதல் அவர் காலைத் தொடவிடவில்லை. இன்றும் கட்டு மாற்றாவிட்டால் விரலை எடுக்க நேரிடலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

“ஒரே மாவட்டம்தான். எங்களுக்கு வயலு, அவியளுக்குக் கடலு. கேட்டிருக்கலாம், கேக்கல்ல” என்றார் அக்கா.

மண்டைக்காடு கடந்து, 7.55க்குக் குளச்சல். தேவாலய வாசல் கடையில் புதிய உத்தரியம் ஒன்றை முப்பது ரூபாய்க்கு அக்கா வாங்கினார்.

8.20. மரியதாசின் வீட்டில், அவர் மனைவி பிலோமினா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மந்திரிச்சதா, மக்கா?”

“கடையில வாங்கினது அப்படியே” என்றார் அக்கா.

“சாமியாரு மந்திரிக்காம இது வெறும் துணியில்லியா.”

தேவாலயத்துக்குத் திரும்ப நடந்தோம். பங்குத்தந்தை செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரித்துத் தந்தார்.

9.10. மரியதாசு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“பாட்டா, கேக்காம வெட்டினது என் தப்பு.”

“கத்திரி கொண்டு வந்தியா?”

“பையில இருக்கு.”

“அத மொதல்ல எனக்க பெண்டாட்டிட்ட குடு.”

அக்கா கொடுத்தார். உத்தரியத்தை அணிவிக்கப் பிலோமினா கை நீட்டியபோது அவர் தடுத்தார்.

“வெட்டினவளே போடட்டு.”

அவர் தலை குனிந்தது; அக்கா அணிவித்தார். பிறகு, கால் நீண்டது. பிலோமினா வெட்டித் தந்த துணியால் அக்கா புண்ணைக் கட்டினார். “புண்ணு கறுக்கல்ல, சிவப்பாத்தான் இருக்கு, பாட்டா. விரலு போவாது.”

எங்கள் ஊர் மருத்துவமனையில் பெரியப்பாவின் திருநீற்றை ஒருவர் கேட்காமல் துடைத்தபோது, பெரியப்பாவும் நாங்களும் தடுக்கவில்லை. திரும்பும் பேருந்தில் அது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை, அக்காவின் நோயாளிக் குறிப்பேட்டில் ‘ஒவ்வாமை’க்குக் கீழே, பக்கந்தோறும் அடிகோல் வைத்து ஒரு வரி சேர்த்தேன்: ‘கேட்காமல் கழற்றக்கூடாதவை’. மரியதாசின் பக்கத்தில் மட்டும் ‘உத்தரியம்’ என்று விடை எழுதினேன். மற்றவற்றை, அக்கா அவரவரிடம் கேட்டு நிரப்புவதற்காக, வெற்றாக விட்டேன்.