காகத்துக்கு வைத்த சோறு

நல்லையா எங்கள் ஆசிரியர் பயிற்சி வகுப்பின் உதவி விரிவுரையாளர். ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில், காஜா பேராங் கடைத்தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு துணிக்கடையின் மாடியில் வகுப்பு நடந்தது. தலைமை விரிவுரையாளர் மலேரியாவில் படுத்துவிட, இலக்கியப் பாடம் முழுவதும் நல்லையாவின் தலையில் விழுந்தது. ஒல்லியான மனிதர். அவருடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத்தை நூல்தான் தாங்கியது.

இலக்கியத்தை விவாதித்தே படிக்க வேண்டும் என்பார். கதையை வாசித்து முடித்ததும், "இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்பார். நாங்களோ கூட்டமாக ஒப்பித்து வளர்ந்தவர்கள். மொத்தமாக எழுந்து நிற்போம்.

"ஆமாங்க சார்!"

"அது கருத்து இல்லம்மா."

"இல்லைங்க சார்!"

இந்த நிலையில், வகுப்பைப் பார்வையிட ஜப்பானிய அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. மாணவர்கள் சொந்தமாக வாய் திறந்து பேசாவிட்டால் வகுப்பு மூடப்படும். மூடினால் நல்லையா புக்கிட் ரம்பாய்த் தோட்டத்துக்கு மரவள்ளி நடப் போக வேண்டும். மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே அவருக்குத் தெரியாது.

அதிகாரி வந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைச் சன்னலோரம் வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மொழிபெயர்ப்பாளர் ஏகாம்பரம் பக்கத்தில் நின்றார். நல்லையா தாமே எழுதிய கதையை வாசித்தார். கணவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தி, தினமும் தான் சாப்பிடும் முன் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைக்கிறாள்.

"உங்கள் கருத்து என்ன?"

"ஆமாங்க சார்!"

அதிகாரி முகம் சுளித்தார். நல்லையாவுக்கு வேர்த்தது.

"அவள் செய்தது சரியா? யாராவது சொல்லுங்களேன்!"

"ஒரு பிடியா சார்?" முன்வரிசைப் பொன்னம்மாவால் பொறுக்க முடியவில்லை. "இந்தப் பஞ்சத்துல காக்காவுக்குச் சோறா?"

"படைக்கிறதுன்னா சோறுதான் படைக்கணும்" என்றான் தியாகு.

"எங்க வீட்டுல கிழங்குதான் வெக்கிறோம்" என்றாள் பொன்னம்மா.

"காக்கா தின்னுதா?"

"வரும். பார்க்கும். போயிடும்."

"அப்ப உங்க முன்னோரெல்லாம் பட்டினி லா!"

"எங்க முன்னோரை இழுக்காத! உங்க வீட்டுக் காக்காவுக்கு மட்டும் தனி ரேஷன் கார்டா?"

வகுப்பே இரண்டாகப் பிரிந்து கத்தியது. பெஞ்சின் மேல் ஏறி நின்றவர்களும் உண்டு. நல்லையா ஆனந்தத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; நூல் அறுந்தது.

அப்போது ஒரு காகம் சன்னலில் வந்து இறங்கியது. பொட்டலத்தைக் கொத்திப் பிரித்து, அதிகாரியின் சோற்று உருண்டையைக் கவ்விக்கொண்டு பறந்தது.

வகுப்பு கப்சிப் என்றானது. ஜப்பான்காரர் நிழலுக்கே குனிந்து வணங்கியவர்கள் நாங்கள். வகுப்பு அமைதியானால் நல்லையாவின் வாயில் வருவது ஒன்றுதான். கண்ணாடி இல்லாததால் யாரைப் பார்க்கிறோம் என்றும் அவருக்குத் தெரியவில்லை.

"இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?"

வெளிறிப்போன ஏகாம்பரம் பழக்கதோஷத்தில் அதையும் மொழிபெயர்த்துவிட்டார். அதிகாரி வெறும் இலையைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"காக்காவுக்குச் சோறுதான் பிடிக்குமாம். அந்தப் பொண்ணு செஞ்சது சரிங்கிறாரு அதிகாரி துவான்."

"நான் ஒத்துக்க மாட்டேன்!" பொன்னம்மா எழுந்தாள்.

வகுப்பு மூடப்படவில்லை. மண்வெட்டியும் நல்லையாவிடமிருந்து தப்பித்தது. விவாதம் முடியவில்லை என்று அடுத்த வாரமும் அதிகாரி வந்தார், சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தொப்பிக்கு அடியில் வைத்துக்கொண்டு.