பெரியதோட்டத்தாரை பேங்குக்குத் தெரியாதாமுங்க

இன்டர்நெட்டுல கிரைண்டர் விக்கிற மொத கோயமுத்தூர்க்காரன் நாந்தானுங்க. சிங்கப்பூர்ல இருக்கிற நம்மூர்க்காரர் ஒருத்தர் இன்னைக்கு ஆர்டரே போட்டுட்டாரு.

ஆனா பணம் வாங்க என் பேங்க் கணக்கைச் சேர்த்தா, பேர் பொருந்தலைன்னு வெப்சைட் நாலு தடவை திருப்பிருச்சு.

பிரவுசிங் சென்டர் அம்மணி எட்டிப் பார்த்துச்சு. "ஏனுங்க, இங்க 'பெரியதோட்டத்தார்'னு போட்டிருக்கீங்க. பாஸ்புக்குல பி. வேலுச்சாமின்னு இருக்குதுங்க."

"ஊரே என்னைக் கூப்பிடற பேரு அது. பெரியதோட்டத்தார்னா தொண்டாமுத்தூர் யானையே வழி விடும், அம்மணி!"

"பேங்கு விடாதுங்களே."

மனசில்லாம மாத்திப்போட்டேன். ஒரே நிமிசத்துல கணக்கு சேர்ந்துருச்சு; வெப்சைட்ல விக்கிறவர் பேரும் வேலுச்சாமின்னு மாறிருச்சு.

அடுத்த நிமிசமே சிங்கப்பூர்ல இருந்து மெயில். "யாருங்க இந்த வேலுச்சாமி? பெரியதோட்டத்தாரை நம்பித்தானுங்க கேட்டேன். ஆர்டர் வேண்டாமுங்க."

வேலுச்சாமிகிட்ட கிரைண்டர் வாங்க யாராச்சும் இருக்கீங்களா?