கொட்டகை மூலையில் புதைத்த தகடு

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு வண்டிக் கொட்டகையில் வண்டி இல்லாமல் போய் வெகுநாளாகியிருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த இடத்தில் என் கணவர் ஒரு மின்சார உலை கட்டினார். பூட்டுக்குள் வைக்கும் ஸ்பிரிங்குகளைப் பழுக்கக் காய்ச்சிப் பதப்படுத்துவதற்கு. கரி உலையில் சூடு சீராக நிற்காமல் பாதி ஸ்பிரிங் ஒடிந்துபோகிறது என்று அவருக்குத் தீராத எரிச்சல்.

உலையைக் கட்டிவிட்டார். அதற்குக் கரண்ட் கொண்டுவருவதுதான் பெரும்பாடாக இருந்தது. வீட்டு விளக்குக்கு வந்த கம்பி உலையைத் தாங்காதாம். தெருக்கோடிக் கம்பத்திலிருந்து தனியாக மூன்று பேஸ் லைன் இழுக்க வேண்டுமாம். அலையாய் அலைந்து அனுமதி வாங்கினார்.

நான் அப்போது மூன்றாவது முறையாக முழுகாமல் இருந்தேன். முதல் இரண்டும் தங்கவில்லை. என் மாமியார் எதைக் கண்டாலும் பயந்தார். நானும்தான் பயந்தேன், வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

எர்த் போட வயர்மேன் வந்தது ஓர் அமாவாசையன்று. அந்த மனிதருக்கு வேறு நாளே கிடைக்கவில்லை. கொட்டகை மூலையில் ஆழமாகக் குழி வெட்டி, ஒரு செப்புத் தகட்டை இறக்கி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிக் கொட்டித் தண்ணீர் ஊற்றி மூடினார். எதற்கென்று எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில், அமாவாசையில், மூலையில் தகடு. மாமியார் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே நின்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

லைன் வந்து, உலையை முதன்முதலாகப் போடும் நாளும் வந்தது. வயர்மேன் எர்த் கம்பியில் பல்பை வைத்துச் சோதித்தார். எரியவில்லை. கம்பியைப் பிடித்து இழுத்தார், கையோடு வந்துவிட்டது.

“தகட்டக் காணோம்ண்ணே.”

என் கணவர் திரும்பித் தன் தாயாரைப் பார்த்தார்.

“நாந்தேன் எடுத்தேன்” என்றார் மாமியார்.

அகரம் கிராமத்தில் தோட்டம் கொத்தி வளர்ந்த கை அது. நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது குழியைத் தோண்டிக் கம்பியை அரத்தால் ராவி அறுத்திருக்கிறார். பூட்டுக்காரர் வீட்டில் அரத்துக்கா பஞ்சம்? தகட்டை மஞ்சள் துணியில் சுற்றி, பஸ் ஏறி ஆத்தூர் அணைக்கே கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டிருக்கிறார்.

“என்ன ஆத்தா இப்பிடிப் பண்ணிப்புட்ட?”

“வீட்டு மூலையில தகட்டப் பொதைச்சா பிள்ள தங்குமாடா? ரெண்டு போனது பத்தாதா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், தகடு போய்விட்டது என்று கேட்டதும் என் மனம் குளிர்ந்தது.

வயர்மேன் கோபப்படவில்லை. “இது அந்தத் தகடு இல்லம்மா. உலையில கரண்டு கசிஞ்சா இது வழியா மண்ணுக்குள்ள போயிரும். இது இல்லாட்டி, உலையத் தொட்ட ஆளு பொழைக்கிறது கஷ்டம். உங்க மருமக தொட்டாலும் அதேதேன்.”

மாமியார் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பரணிலிருந்து செப்புத் தவலையை இறக்கிக்கொண்டு வந்தார். நான் முதல் முறை முழுகாமல் இருந்தபோதே, பேரப்பிள்ளைக்கு வெந்நீர் போடவென்று அவர் வாங்கி வைத்தது. இரண்டு முறை புளி போட்டு விளக்கி, இரண்டு முறையும் பரணுக்கே திரும்பிப் போனது.

“இத வெட்டித் தட்டி உள்ள வையி.”

வேறு தகடு வாங்கிக்கொள்ளலாம் என்று கணவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாமியார் கேட்கவில்லை. “அவளக் காக்குறதுன்னா இதே காக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். கணவரே அதை வெட்டித் தட்டித் தகடாக்கிக் கொடுத்தார்.

அந்த இடத்தில் ஈரம் காயக்கூடாது என்று வயர்மேன் சொல்லிப் போயிருந்தார். அதன்பிறகு தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, மாமியார் அங்கே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். உலையும் ஒழுங்காக எரிந்தது.

எனக்குப் பெண் பிறந்தாள். நல்ல குரல், தெருவுக்கே கேட்டது. மாமியார் அலுமினியப் பானையில் வெந்நீர் போட்டுப் பேத்தியைக் குளிப்பாட்டினார். அவளைத் துவட்டி என் மடியில் கிடத்திவிட்டு, பானையில் மிச்சமிருந்த தண்ணீரை ஆறவைத்து எடுத்துக்கொண்டு கொட்டகை மூலைக்குப் போனார்.